வைல்டரின் வெற்றிகளை எப்படி எடைபோடுவது?

2020 பிப்ரவரி 22 அன்று லாஸ் வேகாஸ் நகரில் நடைபெற்ற ஹெவிவெயிட் உலக சாம்பியன் போட்டியின் ஏழாவது சுற்றில், அமெரிக்க வீரர் டியான்டே வைல்டரின் தரப்பிலிருந்து ஒரு துண்டு மேடையை நோக்கி வீசப்பட்டது. எங்கள் வீரர் இனியும் அடிபட வேண்டாம், போட்டியை நிறுத்துங்கள் என்பது அதன் பொருள். ஐந்தாண்டுகளாகத் தம்மிடம் இருந்த பட்டத்தை அன்று வைல்டர் பிரிட்டனின் டைசன் ஃபியூரியிடம் இழந்தார். கூடவே, அதுவரை பெற்ற வெற்றிகளுக்கான மரியாதையையும் இழந்தார்.

ஊதிய பலூன் உடைந்துவிட்டது என்றார்கள். சோளக்கொல்லைப் பொம்மைகளை வீழ்த்திப் பெயர் வாங்கியவர், உண்மையான வீரர் ஒருவர் எதிரில் வந்ததும் சாயம் வெளுத்துப் போனார் என்றார்கள். நானும் அப்போது ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தேன். பின்னர் அவருடைய போட்டிகளை வரிசையாகப் பார்த்தபோதுதான், அந்தத் தீர்ப்பில் இரண்டு வெவ்வேறு வழக்குகள் ஒன்றாகக் கலந்துவிட்டதை உணர்ந்தேன். வைல்டரைப் பற்றிச் சொல்லப்பட்டவை உண்மையா என்பது முதல் வழக்கு. அவர் செய்தவற்றுக்கு என்ன மதிப்பு என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு 'இல்லை' என்று விடை வந்தாலும், இரண்டாவது கேள்விக்கும் 'ஒன்றுமில்லை' என்றே விடை வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

புகழ் உருவான விதம்

அலபாமா மாநிலத்தின் டஸ்கலூசாவில் பிறந்த வைல்டர், குத்துச்சண்டைப் பயிற்சியைத் தொடங்கியபோது அவருக்கு ஏறத்தாழ 20 வயது. பெரும்பாலான சாம்பியன்கள் சிறுவயதிலேயே கையுறை அணிந்தவர்கள். முதுகெலும்புக் குறைபாட்டுடன் பிறந்த மகளின் பராமரிப்புக்குப் பணம் தேவைப்பட்டதே அவரை இத்தொழிலுக்கு அழைத்து வந்தது. சுமார் மூன்றே ஆண்டுகளில், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அவர் வெண்கலம் வென்றார். அந்த ஒலிம்பிக் குத்துச்சண்டையில் அமெரிக்காவுக்குக் கிடைத்த ஒரே பதக்கம் அதுதான்.

இங்கிருந்துதான் மிகைப்படுத்தல் தொடங்குகிறது. முகமது அலி, ஜோ ஃபிரேசியர், ஜார்ஜ் ஃபோர்மன், மைக் டைசன் என்று ஹெவிவெயிட் பட்டத்தைத் தன் சொத்தாகவே கருதிய நாடு அமெரிக்கா. 2007-இல் ஷானன் பிரிக்ஸ் தோற்ற பிறகு அந்நாட்டவர் எவரிடமும் முக்கிய அமைப்புகளின் ஹெவிவெயிட் பட்டம் இல்லை. உக்ரைனின் கிளிட்ச்கோ சகோதரர்கள் கோலோச்சிய காலம் அது. இழந்த மகுடத்தை மீட்டுத்தர ஒருவர் வேண்டும் என்ற ஏக்கம் ரசிகர்களிடமும், அந்த ஏக்கத்தை நுழைவுச்சீட்டாக மாற்றும் ஆசை போட்டி ஏற்பாட்டாளர்களிடமும் இருந்தன.

தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஒரு வீரரின் எதிராளிகளைப் பெரும்பாலும் அவருடைய தரப்பே தேர்வு செய்கிறது. டென்னிஸ் போட்டியைப்போலக் குலுக்கலில் வரும் எதிராளியை எதிர்கொள்ள வேண்டிய கட்டாயம் தொடக்க ஆண்டுகளில் இல்லை. உலகப் பட்டம் வழங்கும் முக்கிய அமைப்புகளே நான்கு என்பதால், வலிமையான ஒருவரைச் சந்திக்காமலேயே மற்றொரு வழியில் சாம்பியன் ஆகலாம். வைல்டர் முதல் 32 போட்டிகளிலும் நாக் அவுட் முறையில் வென்றார். ஒன்றுகூட நான்கு சுற்றுகளைத் தாண்டவில்லை. அந்த எண் விளம்பரப் பலகைக்கு அழகு. ஆனால், எதிரே நின்றவர்களில் பெரும்பாலோர் அந்த மேடைக்குப் பொருத்தமானவர்கள் அல்லர். சிலர் உச்சத்தைக் கடந்து வெகுகாலம் ஆனவர்கள். 'வரலாற்றிலேயே மிகக் கொடிய குத்து' என்ற புகழுரை இந்த அடித்தளத்தின்மீதுதான் எழுப்பப்பட்டது.

குற்றச்சாட்டில் உண்மை உண்டு

சாம்பியனான பிறகும் நிலைமை உடனே மாறிவிடவில்லை. 2015-இல் அவரை எதிர்கொண்ட எரிக் மொலினா, மூன்றாண்டுகளுக்கு முன்பு கிறிஸ் அரியோலாவிடம் முதல் சுற்றிலேயே வீழ்ந்தவர். அதே ஆண்டில் வந்த பிரான்ஸின் யோகான் டுவோபாவும் சில மாதங்களுக்கு முன்புதான் ஒரு தோல்வியைச் சந்தித்திருந்தார். 2017-இல் இரண்டாம் முறையாக அவரை எதிர்த்த பெர்மேன் ஸ்டிவர்ன், இரண்டு ஆண்டுகள் மேடையேறாமல் இருந்துவிட்டு வந்தவர். முதல் சுற்றையே தாண்டவில்லை. மற்ற மூன்று பட்டங்களையும் வைத்திருந்த பிரிட்டனின் ஆண்டனி ஜோஷ்வாவுடன் 2018-இல் நடந்திருக்க வேண்டிய போட்டி, பேச்சுவார்த்தையிலேயே முறிந்தது. இவற்றை எல்லாம் அடுக்கினால், வழக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டதாகத் தோன்றும்.

ஆயினும் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2016-இல் ரஷ்யாவின் அலெக்சாண்டர் பவெட்கினை அவருடைய நாட்டிலேயே, மாஸ்கோவில், சந்திக்க வைல்டர் ஒப்புக்கொண்டிருந்தார். போட்டிக்குச் சில நாள்களே இருந்த நிலையில், பவெட்கினின் பரிசோதனையில் மெல்டோனியம் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து தென்பட்டதால் அது கைவிடப்பட்டது. 2017-இல் கியூபாவின் லூயிஸ் ஓர்டிஸுடன் ஏற்பாடான போட்டியும் மருந்துப் பரிசோதனைச் சிக்கலால் நின்றது. அவருக்குப் பதிலாக வந்தவர்தான் ஸ்டிவர்ன். 'எளிய எதிராளிகளைத் தேடிப் பிடித்தார்' என்று நாம் சொல்லும் பட்டியலில் சில பெயர்கள், வலிய எதிராளிகள் வராமல் போனதால் இடம்பெற்றவை.

ஓர்டிஸ் என்ற உரைகல்

வைல்டரின் மதிப்பை அறிய ஒரே ஒரு போட்டியைப் பார்க்கச் சொன்னால், 2018 மார்ச் மாதம் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர்டிஸுடன் நடந்த முதல் போட்டியையே நான் சொல்வேன். ஓர்டிஸ் அதுவரை தோல்வியே காணாதவர். கியூபாவின் புகழ்பெற்ற அமெச்சூர் பயிற்சி முறையில் வளர்ந்த இடக்கை வீரர். அவரோடு மோதுவதால் ஆபத்து அதிகம், ஆதாயம் குறைவு என்று பலர் கருதிய காலம் அது.

ஐந்தாவது சுற்றில் வைல்டர் அவரைக் கீழே வீழ்த்தினார். ஏழாவது சுற்றில் நிலைமை தலைகீழானது. ஓர்டிஸின் குத்துகளில் வைல்டரின் கால்கள் தள்ளாடின. இன்னும் சில விநாடிகளில் நடுவர் நிறுத்திவிடுவார் என்றே தோன்றியது. எதிராளியைப் பற்றிக்கொண்டும் பின்வாங்கியும் அந்தச் சுற்றைக் கடந்த வைல்டர், பத்தாவது சுற்றில் ஓர்டிஸை வீழ்த்திப் போட்டியை முடித்தார். ஒன்பது சுற்றுகள் முடிந்தபோது மூன்று நடுவர்களின் கணக்கிலும் இருவருக்கும் இடையே ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். எந்த விளம்பரதாரரும் ஏழாவது சுற்றில் அவருடைய கால்களைத் தாங்கிப் பிடிக்கவில்லை.

2019 நவம்பரில் நடந்த மறுபோட்டியில் முதல் ஆறு சுற்றுகளிலும் ஓர்டிஸே மேலோங்கினார். மூன்று நடுவர்களின் புள்ளிக் கணக்கிலும் வைல்டர் பின்தங்கியே இருந்தார். ஏழாவது சுற்றின் இறுதியில் வந்த ஒரேயொரு வலக்கைக் குத்து எல்லாவற்றையும் முடித்தது. இதை 'அதிர்ஷ்டம்' என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். 1941 ஜூன் மாதம் ஜோ லூயிஸ், பில்லி கானை வென்ற போட்டி எனக்கு நினைவுக்கு வருகிறது. 12 சுற்றுகள் முடிந்தபோது புள்ளிகளில் கான் முன்னிலையில் இருந்தார். 13-ஆவது சுற்றில் லூயிஸ் அவரை நாக் அவுட் செய்தார். அதை லூயிஸின் மாபெரும் வெற்றிகளில் ஒன்றாகவே வரலாறு கொண்டாடுகிறது. 25 முறை பட்டத்தைத் தக்கவைத்த அதே லூயிஸ், அந்தப் போட்டிக்கு முந்தைய மாதங்களில் மாதம் ஒருவராக எளிய எதிராளிகளைச் சந்திக்கிறார் என்று பத்திரிகையாளர்களால் கேலி செய்யப்பட்டவர்தான். வைல்டரை லூயிஸுக்கு இணை என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவருக்குப் பெருமையாக எழுதப்படுவது மற்றவருக்கு அதிர்ஷ்டமாக எழுதப்படக் கூடாது என்றே சொல்கிறேன்.

தோல்வி சொல்லும் சான்று

ஃபியூரியிடம் கண்ட தோல்விகள் வைல்டரின் பழைய வெற்றிகளைப் பொய்யாக்கிவிட்டன என்பது பரவலான வாதம். என் பார்வையில் அவை வேறொன்றையும் காட்டுகின்றன. 2018 டிசம்பரில் நடந்த முதல் போட்டியில் வைல்டரின் எடை சுமார் 96 கிலோ. ஃபியூரியின் எடை சுமார் 116 கிலோ. ஹெவிவெயிட் பிரிவுக்கு மேல்வரம்பு கிடையாது என்பதால் இத்தகைய இடைவெளி அனுமதிக்கப்படுகிறது. தம்மைவிட 20 கிலோ கூடுதலான, நுட்பத்தில் தேர்ந்த ஒருவரை வைல்டர் ஒன்பதாவது சுற்றிலும் 12-ஆவது சுற்றிலும் கீழே வீழ்த்தினார். கடைசிச் சுற்றில் மல்லாந்து கிடந்த ஃபியூரி எழுந்து நின்றது இவ்விளையாட்டின் வியப்புகளில் ஒன்று. போட்டி சமனில் முடிந்தது. பெரும்பாலான சுற்றுகளில் ஃபியூரியே சிறந்து விளங்கினார் என்பதும் உண்மை. வைல்டரின் குத்து கட்டுக்கதை அல்ல என்பதும் உண்மை.

2021 அக்டோபரில் நடந்த மூன்றாவது போட்டியில், மூன்றாம் சுற்றில் கீழே விழுந்த வைல்டர், நான்காம் சுற்றில் ஃபியூரியை இருமுறை வீழ்த்தினார். பின்னர் களைத்து, அடிபட்டு, 11-ஆவது சுற்றில் வீழ்ந்தார். விளம்பரத்தால் மட்டுமே உருவான ஒருவர் அவ்வளவு நேரம் அங்கே நின்றிருக்க முடியாது.

வைல்டருக்குக் கடன்படாதவை

இவ்வளவு சொன்ன பிறகு, அவருக்குக் கொடுக்கக் கூடாததையும் சொல்ல வேண்டும். வரலாற்றின் தலைசிறந்த ஹெவிவெயிட்டுகளின் வரிசையில் அவருக்கு இடமில்லை. கால் அசைவும் தற்காப்பும் கடைசிவரை அவரிடம் முழுமை பெறவில்லை. 2020 தோல்விக்குப் பிறகு, மேடைக்கு வரும்போது தாம் அணிந்திருந்த 18 கிலோவுக்கும் அதிகமான அலங்கார உடை கால்களைச் சோர வைத்துவிட்டது என்று அவர் கூறியது அவருக்குப் பெருமை சேர்க்கவில்லை. தம்மைக் காப்பாற்றத் துண்டை வீசிய பயிற்றுநர் மார்க் பிரீலண்டை அவர் விலக்கியதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

அதைவிடக் கவலைக்குரியது, 2019-இல் டாமினிக் பிரேசீலுடன் மோதுவதற்கு முன்பு, எதிராளி மேடையிலேயே உயிரிழந்தாலும் தமக்குக் கவலையில்லை என்ற பொருள்பட அவர் பேசியது. கூட்டம் சேர்க்கும் பேச்சு என்று அதைக் கடந்துவிட முடியாது. 2013 நவம்பரில் நியூயார்க்கில் ரஷ்ய ஹெவிவெயிட் வீரர் மகமது அப்துசலாமோவ் பத்துச் சுற்றுகள் அடிபட்டுத் தோற்ற பிறகு, மூளையில் ரத்தம் உறைந்து அறுவை சிகிச்சைக்கு உள்ளானார். வாழ்நாள் முழுமைக்குமான பாதிப்புடன் வீடு திரும்பினார். அந்த இரவுக்கு முன்னர் அவர் ஆடிய 18 போட்டிகளிலும் வென்றவர். 18-உம் நாக் அவுட். ஒரு வீரரின் அட்டவணையில் உள்ள எண்கள் அடுத்த இரவில் அவருடைய உடல் எதைத் தாங்கும் என்பதைச் சொல்வதில்லை.

மிகைப் புகழின் உண்மையான கேடும் இங்கேதான் இருக்கிறது. தகுதியற்ற எதிராளிகளை நிறுத்தி எண்ணிக்கையை உயர்த்தும்போது, அடிவாங்க வரும் அந்தப் பெயரறியா வீரர்களின் உடல்நலம் விலையாகிறது. அதே எண்ணிக்கையை நம்பி, தன் வீரர் எதையும் தாங்குவார் என்று ரசிகர்கள் எதிர்பார்க்கும்போது, புகழப்பட்டவரின் உடல்நலமும் விலையாகிறது. இதற்கான பொறுப்பில் ஏற்பாட்டாளர்களுக்கும் பட்டம் வழங்கும் அமைப்புகளுக்கும் ஒளிபரப்பு நிறுவனங்களுக்கும் பெரும்பங்கு உண்டு. தோற்ற மறுநாள் நாம் வீரரை மட்டும் கூண்டில் ஏற்றுகிறோம். மற்றவர்கள் அடுத்த விளம்பரத்துக்கு ஆள் தேடிப் போய்விடுகிறார்கள்.

ஒரு வெற்றியை எடைபோட நான் இப்போது கேட்டுக்கொள்ளும் கேள்விகள் மூன்று. அந்த இரவில் எதிராளி எத்தகைய நிலையில் இருந்தார்? வெற்றி எந்த நெருக்கடியைக் கடந்து வந்தது? மறுத்துவிட வழியிருந்தும் வீரர் அந்த ஆபத்தை ஏற்றாரா? பின்னாளில் நடந்ததை வைத்து முன்னாளின் வெற்றியைத் திருத்தத் தொடங்கினால் அதற்கு முடிவே இராது. வைல்டரை வென்ற ஃபியூரியும் 2024-இல் உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக்கிடம் இருமுறை தோற்றார். அதனால் வைல்டருக்கு எதிராக அவர் மேடையில் காட்டிய துணிவு சிறுத்துவிடுமா?

இந்த அளவுகோலில் வைத்தால், முதல் 32 வெற்றிகளுக்கு வைல்டருக்கு நான் தருவது மிகச் சிறிய பங்கு. 2015 ஜனவரியில் ஸ்டிவர்னை 12 சுற்றுகளும் ஆடிப் புள்ளிகளில் வென்று பட்டம் பெற்றதற்கு முழு மதிப்பு; நாக் அவுட் மட்டுமே தெரிந்தவர் என்ற ஏளனத்துக்கு அன்றே விடை கிடைத்திருந்தது. ஓர்டிஸுக்கு எதிரான இரு வெற்றிகளுக்கும் முழு மதிப்பு. நடுவில் உள்ளவற்றுக்கு அதற்கேற்ற அளவு. 2020 பிப்ரவரியில் நான் மனத்துக்குள் எழுதிய தீர்ப்பில் இந்தப் பாகுபாடு எதுவும் இல்லை. 20 வயதில் தொடங்கி, அரைகுறை நுட்பத்தோடும் அசாதாரணமான ஒரு வலக்கையோடும் ஐந்தாண்டுகள் பட்டத்தைக் காத்தவருக்கு அது இழைத்த அநீதியை இப்போது உணர்கிறேன்.