சாரின் வீசப்பட்டதை எப்படி நிரூபிப்பது?

2013 ஆகஸ்ட் 21 அதிகாலை, டமாஸ்கஸை ஒட்டிய கூட்டாவில் நூற்றுக்கணக்கானோர் மூச்சுத் திணறிச் செத்தார்கள். ஐ.நா. ஆய்வாளர்கள் அப்போது டமாஸ்கஸில்தான் தங்கியிருந்தார்கள். ஆனாலும் சம்பவ இடத்துக்குப் போக 5 நாள் ஆனது. வழியிலேயே அவர்கள் வண்டி மீது யாரோ மறைந்திருந்து சுட்டார்கள்.

சந்தேகிக்கப்பட்ட நரம்பு நச்சான சாரினோ சீக்கிரம் ஆவியாகிவிடும், ஈரம் பட்டால் சிதையும். மண்ணில் பெரும்பாலும் மிஞ்சுவது அதன் சிதைவுப் பொருள்கள்தான். ஆனால் ரத்தப் புரதத்தில் ஒட்டிக்கொண்ட சாரினைச் சில வாரம் கழித்தும் கண்டுபிடிக்கலாம். அதனால் உயிர் பிழைத்தவரின் ரத்தமே முதல் சாட்சி. அந்த ரத்தம் உள்ள சிறு குப்பியும் முத்திரை உடையாமல், கைமாறிய விவரத்தோடு ஆய்வகம் சேரவேண்டும்.

குளோரின் ஆயுதமாக வீசப்பட்டால் அதை நிரூபிப்பது இன்னும் சிக்கல். அது விட்டுச்செல்லும் குளோரைடு எங்கும் இருப்பது.

கூட்டாவில் சாரின் உறுதியானது. யார் வீசியது என்று சொல்லும் அதிகாரம் மட்டும் அந்தக் குழுவுக்குத் தரப்படவே இல்லை. அது பெரிய அநியாயம்.