தோலுக்கடியில் ஒரு வாசல்

மார்பில், தோலுக்கடியில் நாணயம் அளவுக்கு ஒரு மேடு. அதுதான் 'போர்ட்'. அதன் மெல்லிய குழாய் இதயத்தருகே பெரிய ரத்தக்குழாயில் முடிகிறது. 1982-இல் அமெரிக்க மருத்துவர்கள் புற்றுநோயாளிகளுக்குப் பொருத்தி அறிவித்த சாதனம். கீமோதெரபிக்காகக் கையில் நரம்பு தேடித் தேடிக் குத்தும் வேதனையைக் குறைத்தது.

சிக்கல் தொடங்குவது, பெருநகர மருத்துவமனையிலிருந்து நோயாளி ஊர் திரும்பும்போதுதான். அங்குள்ள நர்ஸ் போர்ட்டையே பார்த்திராதவராக இருக்கலாம்.

சாதாரண ஊசி கூடாது. அது போர்ட்டின் சிலிகோன் மூடியைச் செதுக்கிவிடும். இதற்கென்றே உள்ள 'ஹூபர்' ஊசிதான் வேண்டும். சிரிஞ்ச் 10 மில்லிக்குக் குறையக்கூடாது. சிறிய சிரிஞ்சில் அழுத்தம் அதிகம். அடைத்த குழாய் கிழியலாம். மருந்து ஏற்றுமுன் ரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராதபோது டாக்ஸோரூபிசின் போன்ற மருந்தை ஏற்றினால், அது வெளியே கசிந்து சதையை அழித்துவிடக்கூடும். முடிந்ததும் உப்புநீரை விட்டுவிட்டுச் செலுத்திக் கழுவ வேண்டும்.

கடினமான வித்தை அல்ல. ஆனால் யாராவது ஒருமுறை செய்து காட்ட வேண்டும். போர்ட் பொருத்தும் மருத்துவமனை, நோயாளியின் கையில் அவர் ஊர் மொழியில் ஒரு பக்கக் குறிப்பும் இரண்டு ஹூபர் ஊசிகளும் கொடுத்தனுப்பட்டும். உள்ளூர் நர்ஸின் கை நடுங்காது.