வலிக்குப் பயிற்சியா? எழுதி வாங்குங்கள்

மூட்டு வலி, இடுப்பு வலி என்று மருத்துவரைப் பார்த்துவிட்டு வருகிறவர்களின் ஓ.பி. சீட்டை வாங்கிப் பாருங்கள். மாத்திரைக்கு மில்லிகிராம் கணக்கு, வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதெல்லாம் இருக்கும். கடைசி வரியில் ‘உடற்பயிற்சி செய்யவும்’ என்று கிறுக்கியிருப்பார்கள். எந்தப் பயிற்சி, எவ்வளவு நேரம், வலித்தால் நிறுத்துவதா தொடர்வதா, ஒன்றும் இராது. அதை நம்பி ஒருவர் மறுநாளே ஐந்து கிலோமீட்டர் நடந்து முழங்கால் வீங்கி உட்காருகிறார். இன்னொருவர் முதல் நாள் வலித்ததுமே ‘நமக்கு இது ஒத்துக்காது’ என்று படுத்துவிடுகிறார். மூன்றாமவர் மருந்துக் கடையில் ‘உடம்பு வலிக்கு ஒரு செட்’ மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு ஜிம்முக்குப் போகிறார்.

பயிற்சியால் வலி உணர்வு குறையவும் செய்யும், கூடவும் செய்யும். நாள்பட்ட வலி இல்லாத ஒருவர் மூச்சு வாங்கும் வேகத்தில் நடந்தாலோ சைக்கிள் மிதித்தாலோ, வலி தெரியத் தொடங்கும் அளவு சற்று உயர்கிறது. அதே இடத்தில் கூடுதலாக அழுத்தினால்தான் வலிக்கும். உடம்பே சுரக்கும் வலி நிவாரணிப் பொருள்களுக்கும், மூளை வலியை அடக்கும் விதத்துக்கும் இதில் பங்குண்டு. இந்தப் பலன் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் கரைந்துவிடும். கடற்கரையில் பேசிக்கொண்டே ஆடி அசைந்து நடப்பதில் அது மிகக் குறைவு. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்தாற்போல அசையாமல் நிற்கும் பயிற்சியும் இதேபோல வலியைத் தணிக்கும். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைச் செய்யக் கூடாது. மூச்சை அடக்கவே கூடாது. பழக்கமில்லாத எடைப் பயிற்சி அடுத்த இரண்டு மூன்று நாள் தசையைத் தொட்டாலே வலிக்க வைக்கும். அது வழக்கமானது, தானாகத் தணியும்.

உடம்பு முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா போன்ற நாள்பட்ட நோய்களில் கதை வேறு. அங்கே இந்த அடக்கும் வேலை நடக்காமல் போகலாம். பயிற்சிக்குப் பின் வலி கூடவும் கூடும். ‘சோம்பேறித்தனம்’ என்று வீட்டில் திட்டு வாங்குவது இந்த நோயாளிகள்தான். ஸ்வீடனில் தோள் தசை வலி உள்ளவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், வலிக்கும் தோளை இறுக்கிப் பிடித்தபோது பலனில்லை. வலியில்லாத தொடையை இறுக்கியபோது தோளிலும் வலி உணர்வு தணிந்தது. வலிக்காத உறுப்பிலிருந்து, குறைந்த அளவில் தொடங்குவதற்கு இதுவே நியாயம். நார்வேயின் டிராம்சோவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் குளிர்ந்த நீரில் கை வைக்கச் சொல்லிப் பார்த்ததில், உடலை இயக்கிக்கொண்டே இருப்பவர்களே வலியை அதிகம் தாங்கினார்கள். ஆக, படுத்துக் கிடப்பது வைத்தியமாகாது.

முழங்கால், தசைநாண் வலிக்கு இயன்முறை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு எளிது. வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போடுங்கள். பயிற்சியின்போது ஐந்துக்குள் இருந்து, மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். இல்லையென்றால் அளவைக் குறையுங்கள்.

இனி காகித வேலை. சீட்டில் இந்த ஐந்தையும் எழுதி வாங்குங்கள்: பயிற்சியின் பெயர், ஒரு தடவைக்கு எத்தனை முறை அல்லது எத்தனை நிமிடம், வாரத்துக்கு எத்தனை நாள், எந்த அறிகுறி வந்தால் நிறுத்துவது, மறுபடி எப்போது வருவது. மருத்துவருக்கு நேரமில்லையென்றால் ‘பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அந்தப் பிரிவு உண்டு. அதே சீட்டோடு போகலாம். நடமாட முடியாதவருக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வர வேண்டும். நோயாளியின் பெயர், முகவரி, செல்பேசி எண், மருத்துவச் சீட்டின் நகல் ஆகியவற்றோடு உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனுக் கொடுங்கள். ‘பார்க்கிறோம்’ என்ற வாய்ச்சொல்லோடு திரும்பி வராதீர்கள். நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். பதில் இல்லையென்றால் அந்த நகலோடு வட்டார மருத்துவ அலுவலரைப் பாருங்கள்.

தனியார் மையங்களில் ‘பத்து சிட்டிங்’ என்று மொத்தமாக முன்பணம் வாங்கி, கரண்ட் வைத்து, லைட் காட்டி அனுப்பிவிடும் வழக்கம் பெருகிவிட்டது. கரண்ட் கொஞ்ச நேரம் சுகம் தரும். பயிற்சி சொல்லித் தராத சிகிச்சை அரைகுறை. சிகிச்சை தருபவர் பி.பி.டி. (இயன்முறை மருத்துவப் பட்டம்) படித்தவரா என்று கேளுங்கள். மையத்தின் பதிவுச் சான்றிதழைப் பாருங்கள். அது இல்லையென்றால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்குப் புகார் எழுதலாம். ஒவ்வொரு சிட்டிங்குக்கும் ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் பணம் கொடுத்துவிட்டுப் பிறகு புலம்பினால் எந்த ஆணையமும் உதவாது. செய்யாத சிகிச்சைக்கான பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், முதலில் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். அடுத்தது, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். மனுவுக்கு ஆதாரம் வேண்டுமா? உள்நோயாளியாக இருந்திருந்தால் எழுதிக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேட்டின் நகலைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதி.

செட் மாத்திரையைப் பற்றி மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் கேட்பதில்லை. பெயரில்லாத பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருக்கலாம். வலியை மறைத்துவிட்டுப் பயிற்சி செய்தால் நிறுத்த வேண்டிய இடம் தெரியாது. வியர்த்து நீர் வற்றிய உடம்பில் வலி மாத்திரை சிறுநீரகத்தைத் தாக்கும். சீட்டு இல்லாமல் இவற்றை விற்பது சட்டப்படி குற்றம். பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் மருந்து ஆய்வாளரிடம் கொடுத்துப் புகார் எழுதுங்கள். மாதக்கணக்கில் விழுங்கி வருகிறவர் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரைக் கேட்டே குறைக்க வேண்டும்.

நெஞ்சில் அழுத்தம், திடீரென்று காலில் பலமின்மை, தொடை இடுக்கில் மரமரப்பு, சிறுநீர் போக முடியாமை, கடும் பயிற்சிக்குப் பின் கோலா நிறத்தில் சிறுநீர், இவற்றில் ஒன்று வந்தாலும் அது பயிற்சி வலியாகாது. தைலம் தேய்த்துக்கொண்டு காலைவரை காத்திருக்காமல் உடனே 108ஐ அழையுங்கள்.