ஊர் வெளிச்சத்தை வெல்லும் சிவப்புக் கண்ணாடி!

மொட்டை மாடியில் இருந்தே ஆகாயத்தைப் படம் பிடிக்கலாம்

வெள்ளி எழுவதையும் வியாழன் மறைவதையும் திருப்பாவையில் பாடியவர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள். ஆகாயத்தைப் பார்த்தே ஜனங்கள் பொழுதை அறிந்த காலம் அது.

வெள்ளியும் வியாழனும் இன்றும் தெரிகின்றன. மங்கலான நட்சத்திரங்கள் எங்கே போயின?

அவை எங்கும் போகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் இரவெல்லாம் விளக்கு எரிகிறது. தெருவிளக்கு, கடை விளக்கு, மில் விளக்கு! அந்த வெளிச்சம் மேலே போய், காற்றிலும் தூசியிலும் பட்டுச் சிதறுகிறது. ஆகாயம் வெளுக்கிறது. நட்சத்திரங்கள் அதில் மூழ்கிவிடுகின்றன.

இத்தனை வெளிச்சத்திலும் படம் பிடிக்க ஒரு வழி உண்டு. காமிராவுக்கு முன்னால் ஒரு சிறு கண்ணாடி வைக்க வேண்டும். அதற்கு 'நேரோபேண்ட் பில்டர்' என்று பெயர். ஒரே ஒரு நிறத்தை மட்டும் உள்ளே விட்டு, மற்ற ஒளியைத் தள்ளிவிடும் கண்ணாடி இது.

கொடைக்கானல் காட்டிய வழி

ஒரே நிறத்தில் படம் பிடிப்பது பழைய யுக்திதான். கொடைக்கானலில் சூரியனை ஆராயும் கூடம் 1899-ல் ஏற்பட்டது. சூரியனின் முழு ஒளியில் அதைச் சுற்றி எழும் வாயுக் கொழுந்துகள் தெரியமாட்டா. ஆகவே ஹைட்ரஜன் வாயு தரும் சிவப்பு ஒளியைத் தனியே பிரித்து, 1912 முதல் அங்கே படம் எடுத்தார்கள்.

அங்கே ஒரு பெரிய கருவி ஒளியைப் பிரித்தது. இங்கே சிறு கண்ணாடி அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் இது இரவுக் கண்ணாடி. இதை வைத்துச் சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும். ஜாக்கிரதை!

மேகம் தரும் நிறம்

ஆகாயத்தில் பெரிய வாயு மேகங்கள் உண்டு. அவற்றை நெபுலா என்பார்கள். தை, மாசி மாதங்களில் முன்னிரவில் திருவாதிரை நட்சத்திரம் உச்சிக்கு வரும். அதன் அருகில் ஓரியன் நெபுலா இருக்கிறது. தூரம் சுமார் 1,350 ஒளியாண்டு.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். ஒளியின் நிறத்தை இந்த அளவில்தான் சொல்வார்கள். நெபுலாவின் ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரில் சிவப்பு ஒளி தருகிறது. ஆக்சிஜன் 500.7-ல் நீலம் கலந்த பச்சை ஒளி தருகிறது.

பழைய சோடியம் தெருவிளக்கின் ஒளி பெரும்பாலும் மஞ்சள். அதைத் தடுக்கும் சாதாரண பில்டர் ஓரளவு பயன்பட்டது. வெள்ளை எல்.இ.டி. விளக்கிலோ எல்லா நிறமும் கலந்திருக்கிறது. அதைத் தடுக்கப் பார்த்தால் நெபுலாவின் ஒளியும் சேர்ந்து போகும். ஆகவே வேண்டிய நிறத்தை மட்டும் உள்ளே விடுவதுதான் வழி.

எதை வாங்கலாம்?

கறுப்பு வெள்ளை வானியல் காமிரா வைத்திருப்பவர் முதலில் ஹைட்ரஜன் சிவப்பு பில்டர் வாங்கலாம். நிலவு இரவிலும் அது ஓரளவு உதவும். ஆக்சிஜன் பில்டரை நிலவொளி அதிகம் கெடுக்கும்.

கலர் காமிரா என்றால் இரண்டு நிறங்களையும் விடும் ஒரே பில்டர் போதும். சாதாரண போட்டோ காமிராவின் உள்ளே இருக்கும் ஒரு கண்ணாடி, இந்தச் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். இதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

பில்டர் 12, 7, 3 நானோமீட்டர் என்று பல அகலங்களில் கிடைக்கும். அகலம் குறையக் குறைய ஊர் வெளிச்சம் குறையும், விலை ஏறும். தொடங்குகிறவருக்கு 7 போதும். ஒவ்வொரு படத்துக்கும் சில நிமிஷம் ஆகும். ஆகவே ஆகாயத்தோடு சேர்ந்து திரும்பும் தாங்கியும் அவசியம்.

பில்டருக்கும் எல்லை உண்டு

நட்சத்திரங்கள் எல்லா நிறத்தையும் தருகின்றன. கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த ஆண்ட்ரோமீடா மண்டலமும் அப்படியே. அவற்றுக்கு இந்தப் பில்டர் பெரிதும் உதவாது. கையில் பில்டர் இருந்தும் பால்வீதி வெறும் கண்ணுக்குத் தெரியாது.

இருட்டைத் தேடி மேற்கு மலைக் காட்டுக்குள் போகலாமா? கூடாது. அது 2021 முதல் புலிகள் காப்பகம்.

விளக்கை அணைத்து வாழ முடியாதுதான். விளக்குக்கு மேலே மூடி போட்டு, வெளிச்சத்தைத் தரையில் விழச் செய்யலாமே! தெருவுக்கும் நல்ல வெளிச்சம் கிடைக்கும். ஆண்டாள் பார்த்த ஆகாயத்தில் கொஞ்சமாவது நம் பிள்ளைகளும் பார்ப்பார்கள்.