கோபுரம் மறைத்த ஸ்ரீவில்லிபுத்தூர்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்று சொன்ன மாத்திரத்தில் தமிழர் எவருக்கும் முதலில் தோன்றுவது அதன் பதினொரு நிலைக் கோபுரம், அடுத்தபடி ஆண்டாள், அதற்கும் அடுத்தபடி, அவ்வழியே பிரயாணம் செய்தவராயின், பால்கோவா. பால்கோவாவுக்கு 2019-ம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. இம்மூன்றும் அவ்வூருக்குப் பெருமை தருபவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அக்கோபுரத்தின் நிழல் மிக நீண்டது. அதனுள்ளே வேறு சில நல்ல சரித்திரங்கள் கண்ணுக்குப் படாமலே கிடக்கின்றன. அவற்றை எடுத்துச் சொல்லுவோர் அவ்வூரிலேயே குறைந்து வருகின்றனர் என்பதுதான் நமது குறை.

முதலில் கோபுரத்தைப் பற்றியே ஒரு வார்த்தை. 1949-ல் சென்னை ராஜ்ய சர்க்கார் ஏற்றுக்கொண்ட முத்திரையில், அசோகரின் சிங்கங்களுக்குப் பின்னே எழுந்து நிற்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரமே என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் அம்முத்திரையை வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணராவ், தாம் மனத்திற் கொண்டது மதுரை மீனாக்ஷியம்மன் ஆலயத்தின் மேலைக் கோபுரமே என்று பிற்காலத்தில் கூறினார். வரைந்தவர் சொல் ஒரு பக்கம், நாடு முழுவதும் நிலைத்துவிட்ட நம்பிக்கை மற்றொரு பக்கம். இரண்டு ஊராரும் இதைப் பற்றி இன்றும் விவாதிக்கின்றனர். விவாதிக்கட்டும், ஒரு கோபுரம் எந்த ஊருடையது என்று வழக்காடுவதில் செலவாகும் உற்சாகத்தில் கால் பங்கு, அக்கோபுரத்தின் அடியில் வாழ்ந்த மனிதரைப் பற்றி அறிவதில் செலவானால் நாம் மிகவும் சந்தோஷமடைவோம்.

தெலுங்கு இலக்கியத்தின் ஐம்பெருங் காவியங்களுள் ஒன்றாகப் போற்றப்படும் ஆமுக்தமால்யதா இந்தத் தமிழூரைப் பற்றியது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் விஜயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயர், கலிங்கப் படையெடுப்பின்போது கிருஷ்ணா நதிக்கரையிலுள்ள ஸ்ரீகாகுளத்தில் தங்கினார். அங்கே ஆந்திர மகாவிஷ்ணு கனவில் தோன்றி, சூடிக்கொடுத்தவளின் திருமணத்தைத் தெலுங்கிலே பாடும்படி பணித்ததாக அவரே தம் நூலின் முகப்பில் தெரிவிக்கிறார். ஒரு பேரரசர் தமது மொழியில் காவியம் செய்யப் புகுந்தபோது, தமது தலைநகரையோ தமது வெற்றிகளையோ கதையாகக் கொள்ளாமல், தென்கோடியில் பூமாலை கட்டி வாழ்ந்த ஒரு பெரியவரையும் அவர் வளர்த்த பெண்ணையும் கொண்டார். மொழியின் பெயரால் எல்லைச் சண்டைகள் பல கண்ட நாட்டில், இச்செய்தி பாடப் புத்தகத்தில் இடம் பெறத் தக்கதன்றோ?

அக்காவியத்தினுள் இன்னொரு கதை இருக்கிறது. அதுவே நம்மை அதிகமாகச் சிந்திக்கச் செய்வது. மாலதாசரி என்பவன் தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவன். விடியுமுன் எழுந்து நெடுந்தூரம் நடந்து, திருக்குறுங்குடிப் பெருமானை, கோயிலுக்கு வெளியே நின்றபடியே பாடித் தொழுவது அவன் வழக்கம். ஒரு நாள் வழியில் ஒரு பிரம்மராக்ஷஸனிடம் அகப்படுகிறான். பாட்டை முடித்துவிட்டுத் திரும்பி வந்து உனக்கு இரையாகிறேன் என்று வாக்களித்துச் செல்கிறான். சொன்னபடியே திரும்பியும் வருகிறான். திகைத்துப்போன ராக்ஷஸன், முற்பிறப்பில் தான் ஒரு பிராமணன் என்பதைச் சொல்லி, அந்தப் பாட்டின் பயனைத் தனக்குத் தந்து கடைத்தேற்றும்படி அவன் காலில் விழுகிறான். தமிழ் வைஷ்ணவர்கள் நம்பாடுவான் சரித்திரம் என்று கைசிக ஏகாதசி தோறும் படிப்பதும், திருக்குறுங்குடியில் நாடகமாக ஆடப்படுவதும் இதே கதைதான்.

கதையை ரஸித்தோம். ஏகாதசி தோறும் கேட்டோம். கேட்ட பின்பும், அப்பாணனின் குலத்தாரைக் கோயில் வாசலுக்கு வெளியேதான் நிறுத்தி வைத்தோம்! கவிஞரான சக்கரவர்த்தியும் அவனை வாசலுக்கு வெளியேதான் நிறுத்தினார் என்பதை மறைப்பதற்கில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரையில், 1939 ஜூலை 8-ந் தேதியன்று, வைத்தியநாதையர் தாழ்த்தப்பட்ட வகுப்பாருடன் மீனாக்ஷியம்மன் ஆலயத்தினுள் பிரவேசித்தார். ராஜாஜி மந்திரி சபை அதற்குச் சட்டப் பாதுகாப்புத் தேடித் தந்தது. ராஜதானியிலுள்ள எல்லா ஆலயங்களுக்கும் பொதுவான பிரவேசச் சட்டம் 1947-ல்தான் வந்தது. காவியத்திற்கும் சட்டத்திற்கும் இடையே நானூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. பக்திக் கதைகள் தாமாகவே சமூகத்தைத் திருத்திவிடும் என்று சமாதானம் கூறுவோர் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது.

இனிப் புஸ்தகசாலைக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூல்நிலையம் 1875-ம் ஆண்டில் ஏற்பட்டது. இந்த ஆண்டின் பொருளை வாசகர்கள் நன்கு கவனிக்க வேண்டும். சென்னையில் ஹிந்து பத்திரிகை பிறப்பதற்கு மூன்று ஆண்டுகளும், சுதேசமித்திரன் தோன்றுவதற்கு ஏழு ஆண்டுகளும், காங்கிரஸ் மகாசபை கூடுவதற்குப் பத்து ஆண்டுகளும் முற்பட்டது அது. தலைநகரத்துக் கன்னிமாரா நூல்நிலையம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதே 1896-ல்தான். தஞ்சை சரஸ்வதி மகால் பழமையானதாயினும், அது அரசர் சேர்த்த நிதி. ராஜதானியின் தலைநகரில் இல்லாத வசதியை, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ரயில் கூட எட்டிப் பார்த்திராத ஒரு கோயிலூர் தனக்குத் தேடிக்கொண்டது!

அக்காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா பிரிக்கப்பட்டபோது அதனுடன் சென்றது. 1985 முதல் விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. ஆகவேதான் திருநெல்வேலிக் கலெக்டராயிருந்த ஜே.பி. பென்னிங்டன் துரையின் பெயர் அதற்கு வாய்த்தது. அந்நியர் பெயரை அகற்றிவிடலாகாதா என்று கேட்கும் தேசபக்தர்கள் உண்டு. பெயர்ப் பலகையை மாற்றுவது ஒரு நாள் வேலை. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு புஸ்தகசாலையை மூடாமல் வைத்திருப்பது தலைமுறை தலைமுறையான வேலை. கலெக்டர் ஊரை விட்டுப் போனார், ஜில்லாவின் எல்லை இரு முறை மாறியது, சாம்ராஜ்யமே போயிற்று, அலமாரிகள் இருக்கின்றன. அவற்றைக் காத்தவர்கள் நம்மவர்களே. பெயர் இருந்துவிட்டுப் போகட்டும் என்பது நமது அபிப்பிராயம்.

நூல்நிலையங்களுக்கென்று இந்தியாவிலேயே விரிவான சட்டம் முதன்முதலாக இயற்றப்பட்டது சென்னை ராஜதானியில், 1948-ல். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாயிருந்தார், எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தார். வீட்டு வரியோடு நூல்நிலைய வரியும் சேர்த்து வசூலிக்கும் முறை அதன் பின்னரே வந்தது. சட்டமும் வரியும் இல்லாத காலத்தில் 73 ஆண்டுகள் ஓர் ஊர் அதைச் செய்துகொண்டிருந்தது என்பதைச் சட்டத்தின் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் சொல்வதில்லை.

அண்டை ஊரான ராஜபாளையத்தையும் இங்கே விட்டுவிடுவதற்கில்லை. பதினொரு கிலோமீட்டர்தான் இடைவெளி. வெளியூரார் ராஜபாளையம் என்றால் நாயைச் சொல்வார்கள். அந்த நாய்க்கு 2005-ல் தபால் தலையும் வெளியாயிற்று. பஞ்சாலையைச் சொல்வோரும் உண்டு, பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் அப்பெயருக்குக் காரணம். ஆனால் சென்னை ராஜ்யத்தின் முதல் முதன்மந்திரி எந்த ஊரார் என்று கேட்டால், சென்னையிலே சட்டம் படிக்கும் வாலிபர்களும் விழிக்கிறார்கள்.

பி.எஸ். குமாரசாமி ராஜா 1898-ல் ராஜபாளையத்தில் பிறந்தவர், இளமையிலேயே பெற்றோரை இழந்து பாட்டியால் வளர்க்கப்பட்டவர், கதர் உடுத்தியவர், சிறை சென்றவர். 1949 ஏப்ரலில் ராஜதானியின் பிரதமரானார். 1950 ஜனவரி 26-ந் தேதி குடியரசு மலர்ந்தபோது ராஜதானி ராஜ்யமாயிற்று, பிரதமர் என்ற பட்டம் முதன்மந்திரி என்று மாறிற்று. அந்த நாளில் அப்பதவியில் இருந்தவர் அவர். 1952-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில், பதவியிலிருந்தபடியே தம் சொந்தச் சீமையில் தோற்றார். வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை தந்த அரசியல் சட்டம் அமுலுக்கு வந்த நாளில் ராஜ்யத்தை நடத்தியவரையே அந்த வாக்குரிமை வீட்டுக்கு அனுப்பியது. அதை அவர் மனஸ்தாபமின்றி ஏற்றார். பின்னர் 1954 முதல் 1956 வரை ஒரிஸ்ஸாவின் கவர்னராயிருந்து, 1957-ல் காலமானார்.

தாம் வாழ்ந்த வீட்டையே அவர் பொதுமக்களுக்கு எழுதி வைத்தார். அது காந்தி கலை மன்றமாக விளங்குகிறது. பதவியிலிருந்தவர்கள் வீடு சேர்ப்பதைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இது புதுமையாகத் தோன்றலாம். ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தரிசனத்திற்கு வரும் அன்பர்கள், பால்கோவாக் கடைகளில் செலவிடும் நேரத்தில் அரை மணியைக் குறைத்து, பென்னிங்டன் நூல்நிலையத்தின் வாசலை மிதிக்கலாம். மேலும் பதினொரு கிலோமீட்டர் சென்று, அந்த வீட்டையும் பார்த்து வரலாம். இரண்டிற்கும் நுழைய எந்தக் குலமும் கேட்கப்படுவதில்லை.