வரப்பில் கிடக்கும் பிளாஸ்டிக் பை தார்ச்சாலைக்கு உதவும்

மதுரை வட்டாரத்தில் கோடை உழவின்போது கலப்பையில் மாட்டிக்கொண்டு வருவது கோரைக்கிழங்கு மட்டுமல்ல, பிளாஸ்டிக் பைகளும்தான். மண்ணில் புதைந்த பை மழைநீரை இறங்க விடாது. பயிரின் வேரையும் தடுக்கும். மேயப் போன மாடு தின்றுவிட்டால் பை வயிற்றிலேயே தங்கிவிடும். தீனி எடுப்பது குறைந்து மாடு மெலியும், இறந்துபோவதும் உண்டு.

இந்தக் கழிவைச் சாலைக்குப் பயன்படுத்தும் முறையைக் கண்டறிந்தவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். 2002ல் கல்லூரி வளாகத்திலேயே இம்முறையில் சாலை போடப்பட்டது. 2006ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. 2018ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

செய்முறை எளிது. ஜல்லியைச் சுமார் 160 டிகிரி சென்டிகிரேடுக்குச் சூடாக்கி, பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவிக் கிளற வேண்டும். ஒரு நிமிடத்திற்குள் அது இளகி, கல்லின் மேல் எண்ணெய் பூசியதுபோல் படிந்துவிடும். பிறகு சூடான தாரைக் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் பூசிய கல்லைத் தார் இறுகப் பற்றும். மழைநீர் எளிதில் உள்ளே புகாது. குழி விழுவது குறையும். 3.75 மீட்டர் அகலச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு டன் பிளாஸ்டிக் செல்லும். ஏறத்தாழ அதே அளவு தார் மிச்சமாகும்.

எல்லா பிளாஸ்டிக்கும் இதற்கு ஆகாது. கடைப் பைகள், உரச்சாக்கின் உள்பை, தெர்மோகோல் ஆகியவை ஏற்றவை. பி.வி.சி. குழாயைச் சேர்க்கக் கூடாது. சூட்டில் அதிலிருந்து நச்சு வாயு கிளம்பும். பூச்சிமருந்து டப்பாக்களையும் இதில் கலக்காமல் தனியே ஒதுக்க வேண்டும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை:

1. உழவுக்கு முன் வயலிலும் வாய்க்காலிலும் கிடக்கும் பைகளைப் பொறுக்கி விடவும்.

2. மண்ணை உதறி, கழுவி, காய வைத்து, ஒரே சாக்கில் சேர்த்து வைக்கவும். அழுக்கும் ஈரமும் இருந்தால் கல்லில் பிடிக்காது.

3. சேர்ந்ததை ஊராட்சித் தூய்மைக் காவலரிடம் கொடுக்கவும்.

4. வரப்பில் வைத்துக் கொளுத்த வேண்டாம். சாலைப் பணியில் பிளாஸ்டிக் இளகுகிறதே தவிர எரிவதில்லை. கொளுத்தினால் வரும் புகை மனிதருக்கும் கால்நடைக்கும் கேடு.

தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை உபயோகிக்கும் பைகளுக்குத் தடை உள்ளது. எனவே சந்தைக்குப் போகும்போது மஞ்சள் பையை எடுத்துச் செல்வதே முதல் வேலை. பொறுக்கிக் கொடுப்பது அதற்கு அடுத்தது.