லேத்து ஓட்டுறது ஒருத்தர்... லாபம் பார்க்கிறது இன்னொருத்தர்! 'ட்ராயிங்' போடச் சொல்லித் தரும் படிப்பு: கொரட்டூர் பெற்றோர்கள் கவனத்துக்கு

கொரட்டூர்:

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சின்னதாக லேத்துப் பட்டறை வைத்திருப்பவர்கள் பலருக்கும் பிழைப்பு ஒரே மாதிரிதான். பெரிய கம்பெனியில் இருந்து ட்ராயிங் வரும். அதில் இருக்கிற அளவுப்படி கடைந்து கொடுத்தால் பீசுக்கு இத்தனை ரூபாய் என்று கூலி. இதுக்குப் பேர் ஜாப் ஒர்க். ஆர்டர் நின்றால் லேத்தும் நின்றுவிடும்.

ஆனால் ட்ராயிங் யாருடையதோ, பொருளும் அவருடையது. பேரும் அவருடையது. விலை வைக்கிறவரும் அவர்தான்.

அந்த ட்ராயிங்கை நம்ம வீட்டுப் பிள்ளைகளே போட முடியாதா? முடியும். அதுக்கென்றே பல்கலைக்கழகப் படிப்பு இருக்கிறது. பொருள் வடிவமைப்பு மற்றும் உற்பத்தி, அதாவது 'புராடக்ட் டிசைன் அண்டு மேனுபேக்சரிங்'. பிளஸ்-2 ரிசல்ட் வந்ததும் கம்ப்யூட்டர் படிப்புக்கு வரிசை கட்டும் பெற்றோர்கள் பலருக்கு இது என்ன படிப்பு என்றே தெரிவதில்லை. விவரம் வருமாறு:-

டிசைன்னா படம் வரையறதா?

இல்லை. நம்ம வீட்டு கிரைண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஆட்டுக்கல்லில் உரல் அசையாமல் இருக்கும், குழவியை நாம் சுற்றுவோம். கிரைண்டரில் அப்படியே தலைகீழ். பாத்திரம் சுற்றுகிறது, குழவி தன் இடத்திலேயே நிற்கிறது. மோட்டாரை வைத்து அரைக்க இதுதான் சுலபம் என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். 1955-ல் கோவையைச் சேர்ந்த சபாபதி கிரைண்டரை அறிமுகம் செய்தார் என்று சொல்லப்படுகிறது. பிறகு மாவை வழிப்பதற்கு வசதியாக சாய்க்கும் கிரைண்டர் வந்தது. மேஜை மேல் வைக்கும் சின்ன கிரைண்டரும் வந்தது. கல்லும் மோட்டாரும் அதேதான். மாறியது யோசனை மட்டும்தான். அதுக்குப் பேர்தான் டிசைன்.

என்ன சொல்லித் தருவாங்க?

முதலில், பொருளைப் பயன்படுத்தப் போகிறவருக்கு என்ன கஷ்டம் என்று நேரில் போய்ப் பார்க்கச் சொல்வார்கள். அதற்குத் தீர்வாக பேப்பரில் படம், பிறகு கம்ப்யூட்டரில் முப்பரிமாண படம், அப்புறம் 3டி பிரிண்டரில் மாதிரி. இது பாதிப் படிப்பு.

மீதிப் பாதி, நம்ம ஏரியாக்காரர்களுக்கு ரத்தத்தில் ஊறினது. வார்ப்பு, மோல்டிங், லேத்து, மில்லிங், சி.என்.சி., கூடவே எந்த உலோகம் எவ்வளவு பாரம் தாங்கும் என்கிற கணக்கு, ஒரு பீசுக்கு அடக்க விலை எவ்வளவு என்கிற கணக்கு.

இந்த இரண்டையும் சேர்த்துத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. உதாரணம் பாருங்கள்.

* 20 மில்லிமீட்டர் ஷாப்ட் ஒன்றுக்கு 0.1 மில்லிமீட்டர் கூடக் குறைய இருக்கலாம் என்று ட்ராயிங்கில் போட்டால் சாதா லேத்திலேயே வேலை முடிந்துவிடும். 0.01 என்று போட்டால் பெரும்பாலும் கிரைண்டிங் மெஷினுக்குப் போக வேண்டும். செலவு எகிறிவிடும். அவ்வளவு துல்லியம் நிஜமாகவே தேவையா என்று தெரிந்து போடுவதுதான் படிப்பு.

* மில்லிங் கட்டர் உருண்டை. அதனால் பள்ளத்தின் உள்மூலை கூர்மையாக வராது. விவரம் தெரியாதவர் கூர்மையான மூலை போட்டு அனுப்பினால், பட்டறைக்காரர் இ.டி.எம். மெஷினைத் தேடி அலைய வேண்டும். அந்த மூலைக்குக் கொஞ்சம் வளைவு கொடுத்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

* பிளாஸ்டிக் பக்கெட் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருப்பது அழகுக்கு இல்லை. சுவர் செங்குத்தாக இருந்தால் மோல்டில் இருந்து கழற்ற முடியாமல் சிக்கிக்கொள்ளும்.

பட்டறையில் 20 வருடம் நின்றவருக்கு இதெல்லாம் அனுபவத்தில் தெரியும். அதைக் கணக்கோடும் காரணத்தோடும் 4 வருடத்தில் சொல்லித் தருவதுதான் கல்லூரி.

நம்ம ஏரியாவின் கதை

1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் சைக்கிள் செய்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. இரண்டுமே இங்கிலாந்தில் இருந்து வந்த பேர்கள். 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிற்கூடங்கள் முளைத்தன. 1998-ல் பாடி சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தரத்துக்காகத் தரப்படும் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவில் அதை வாங்கிய முதல் கம்பெனி அதுதான்.

ஆக, தரமாகச் செய்வதில் கொரட்டூர், பாடி, அம்பத்தூர் தொழிலாளிகள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. 'என்ன செய்வது' என்று முடிவு பண்ணும் நாற்காலியில் இன்னும் நிறைய பேர் உட்கார வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

எங்கே படிக்கலாம்?

இதுக்கென்றே மத்திய அரசு 2007-ல் தொடங்கிய கல்வி நிறுவனம் ஐ.ஐ.ஐ.டி.டி.எம். காஞ்சீபுரம். பேரில்தான் காஞ்சீபுரம். இருப்பது செங்கல்பட்டு மாவட்டம் மேலக்கோட்டையூரில், வண்டலூர் - கேளம்பாக்கம் சாலைப் பக்கம். 2014-ல் போட்ட சட்டப்படி இது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம். பி.டெக். சேர ஜே.இ.இ. மெயின் தேர்வு எழுத வேண்டும்.

கொரட்டூரில் ரெயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, எதிரே பூங்கா ஸ்டேஷனில் செங்கல்பட்டு ரெயில் பிடித்தால் வண்டலூர். அங்கிருந்து பஸ்.

அதே ரெயிலில் குரோம்பேட்டையில் இறங்கினால் 1949-ல் தொடங்கிய எம்.ஐ.டி. அங்கும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் உற்பத்தி சார்ந்த துறைகள் உண்டு. இரண்டும் அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகள். இங்கே ஜே.இ.இ. வேண்டாம். பிளஸ்-2 மார்க்கில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்கு கட்-ஆப் போட்டு கவுன்சிலிங் நடக்கும்.

6-வது முதல் 12-வது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் என்ஜினீயரிங்கிலும் 7.5 சதவீத தனி இடஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் தமிழக அரசே கட்டுகிறது.

படம் போடுவதில் கெட்டிக்காரப் பிள்ளை என்றால் பி.டெஸ். என்ற டிசைன் பட்டப்படிப்பும் உண்டு. மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் யூசீட் தேர்வை பிளஸ்-2-வில் எந்த குரூப் எடுத்தவரும் எழுதலாம்.

10-வதோடு நின்றவர்களுக்கு?

கதவு மூடவில்லை. 10-வது முடித்து ஆவடி முருகப்பா பாலிடெக்னிக் போன்ற இடங்களில் 3 வருட டிப்ளமோ படித்தால், பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ. போன்ற இடங்களில் 2 வருட டிரேடு முடித்தவர்கள் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரலாம். வயசு ஒன்றிரண்டு கூடும். ஆனால் மெஷினைத் தொட்டுப் பழகின கையோடு கல்லூரிக்குப் போகிறவருக்கு, புத்தகத்தில் இருப்பது சட்டென்று புரியும்.

வேலை கிடைக்குமா?

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். படித்து முடித்ததும் ஐ.டி. கம்பெனி மாதிரி சம்பளத்தை எதிர்பார்த்து இதில் சேரக்கூடாது. ஆரம்பத்தில் ஷாப் ப்ளோரில் நிற்க வேண்டி வரும். டூல் டிசைன், மோல்டு டிசைன், வாகன உதிரிபாகம், மருத்துவக் கருவி என்று அனுபவம் ஏற ஏறத்தான் சம்பளமும் ஏறும்.

சொந்தமாகத் தொழில் செய்ய நினைப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. நிலத்துக்குப் பட்டா மாதிரி, புதிதாக உருவாக்கிய வடிவத்துக்கும் பதிவு உண்டு. 2000-ம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்தால் 10 வருடம் பாதுகாப்பு. மேலும் 5 வருடம் நீட்டிக்கலாம். புதுக் கண்டுபிடிப்பு என்றால் காப்புரிமை 20 வருடம். காப்புரிமை அலுவலகம் கிண்டியிலேயே இருக்கிறது. ஜாப் ஒர்க் வாங்கிச் செய்த பட்டறை, தன் பொருளுக்கு மற்றவர்களிடம் ஜாப் ஒர்க் கொடுக்கும் நிலைக்கு வர இதுதான் முதல் படி.

சேர்வதற்கு முன்பு

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். ஒர்க்‌ஷாப்பைக் காட்டச் சொல்லுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மாணவர்கள் மெஷினில் நிற்கிறார்கள், கடைசி வருடத்தில் சொந்தமாக ஒரு பொருள் செய்ய விடுகிறார்களா என்று கேளுங்கள். மெஷின் தூசு படிந்து கிடந்தால் வேறு கல்லூரி பார்ப்பதே நல்லது.

பட்டறை வைத்திருக்கும் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. "நான் பட்ட கஷ்டம் என் பிள்ளைக்கு வேண்டாம்" என்று பிள்ளையை பட்டறைப் பக்கமே விடாமல் வைத்திருப்பீர்கள். இந்த லீவில் ஒரு நாள் கூட்டிப்போய் கையில் வெர்னியரைக் கொடுத்து, வந்திருக்கும் ட்ராயிங்கைப் படிக்கச் சொல்லுங்கள். "இதை ஏன் இப்படிப் போட்டிருக்காங்க?" என்று பிள்ளை கேட்டால், அடுத்து இந்தப் படிப்பைப் பற்றிப் பேசலாம்.